சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண், நானோ இழைக் கட்டு போட்டால் ஆறிவிடுமா?

அம்மாவின் உள்ளங்காலில் மூன்று மாதமாகப் புண் என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.டெக். படித்தபோது இந்த இழையைத்தான் நூற்றுக்கொண்டிருந்தேன். அதே வருடம் என் அப்பாவுக்கும் அதே இடத்தில் புண். அதனால் சொல்கிறேன்: கட்டு மட்டும் போதாது.

பஞ்சுமிட்டாய் மெஷின் மாதிரிதான் இது. அங்கே சூடும் சுழற்சியும், இங்கே மின்சாரம். சிரிஞ்சில் இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானும் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) என்ற செயற்கைப் பாலிமரும் கலந்த கரைசல். ஊசிக்குப் பதினைந்து, இருபதாயிரம் வோல்ட். முனையில் நிற்கும் சொட்டு கூம்பாக நீண்டு, இழையாகப் பீய்ச்சி, ஒரு சாண் தள்ளியிருக்கும் அலுமினியத் தாளில் பாலாடை போலப் படியும். தலைமுடி சுமார் 70,000 நானோமீட்டர் தடிமன் என்றால் இது 200, 300தான். மழை நாளில் இழை வராது, மணி மணியாக விழும்.

முதல் படலத்தைப் பெருமையாகத் தண்ணீரில் போட்டோம். நொடியில் காணோம்! பிவிஏ நீரில் கரையும் சரக்கு, அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துக் கரையாமல் ஆக்கும் குறுக்குப் பிணைப்பைச் செய்யாமல் விட்டிருந்தோம். புண்ணிலும் நீர்தானே கசியும்?

சரியாகச் செய்தால் நல்ல பொருள்தான். வெளிக் கிருமி உள்ளே நுழைவது கடினம், ஆவி மட்டும் வெளியேறும், புண் ஈரமாகவே இருக்கும். ‘காத்தாட விடு’ என்பது நம் வீட்டு வைத்தியம். ஆனால் 1962லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் பார்த்துவிட்டார்: மூடி ஈரமாக வைத்த புண்ணில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது.

சிக்கல் மருந்தில். இழைக்குள் வைத்த மருந்தில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே கொட்டிவிடுவதுண்டு. கிருமியைக் கொல்லச் சேர்க்கும் வெள்ளியின் அளவைக் கூட்டினால் கிருமியோடு புதுத்தோல் செல்களும் சாகும். ஆய்வகத் தட்டில் படலத்தைச் சுற்றிக் கிருமியில்லாத வளையம் அழகாகத் தெரியும். பழைய புண்ணிலோ கிருமிகள் கோழைப்படலம் கட்டி உட்கார்ந்திருக்கும், மருந்து எளிதில் இறங்காது.

“நீ செஞ்சத எனக்குப் போடக் கூடாதாடா?” என்றார் அப்பா. தட்டைத் தாண்டாத சரக்கை அவர் காலில் எப்படி ஒட்டுவது? டாக்டர் செத்த சதையை வெட்டி எடுத்து, பாரம் விழாதபடி மாவுக்கட்டு போட்டார். உணர்ச்சி மரத்த கால். வலிக்காததால் அதை ஊன்றியே நடந்திருக்கிறார் மனிதர். சர்க்கரையும் இறங்கிய பிறகுதான் புண் மூடியது.

அம்மாவுக்குக் காலில் ரத்த ஓட்டம் பார்த்தார்களா, பாரம் விழாமலிருக்க என்ன செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நாற்றமோ கருப்போ காய்ச்சலோ இருந்தால் இன்றைக்கே கூட்டிப் போங்கள்.