தறிகளை அடகு வைக்காதீர்கள், பாப்பாவை பி.எஸ்சி. இயற்பியலில் சேர்த்துவிடுங்கள்

பள்ளிபாளையத்தில் கூலி நெசவு ஓட்டும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பன்னிரண்டு விசைத்தறி. மகள் ப்ளஸ் டூவில் இயற்பியலில் 91, கணிதத்தில் 88, வேதியியலில் 84. கட்-ஆஃப் 175.5. சொந்தத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்களாம். மகளோ, இரண்டு பரிமாணப் பொருள்களில் எலெக்ட்ரானின் ஸ்பின் எப்படிப் பயணிக்கிறது என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாளாம். “அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா, இல்லை யூடியூப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டாளா? பெரிய மச்சான் சிரிக்கிறார், அவர் மகன் டல்லாஸில் இருக்கிறான். சென்னையில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் பேசி வைத்திருக்கிறோம். நான்கு வருடத்துக்கு 14 லட்சம். தறிகளையும் ஷெட்டையும் வைத்துக் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். தைரியமாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

அண்ணா, தைரியம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். 14 லட்சம் என்று படித்ததும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

11 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை கிட்டத்தட்ட ₹24,000. மொத்தமாகக் கட்டி முடிப்பது 20 லட்சம். விடுதி, பஸ், லேப்டாப் எதுவும் இதில் சேரவில்லை. நூல் விலை ஏறி, ஆர்டர் இல்லாமல் தறி நிற்கும் மாதத்திலும் தவணைத் தேதி தள்ளிப்போகாது. இந்தக் கடனை வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அவள் கம்ப்யூட்டர் மேல் உயிராய் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்: கவுன்சலிங்கில் அரசு ஒதுக்கீட்டில் கிடைக்கிற கல்லூரியில் சேருங்கள், கல்லூரிப் பெயருக்காகத் தறியை விற்காதீர்கள். ஆனால் இவள் அதைக் கேட்கவே இல்லையே. கேட்காத பண்டத்துக்கு வீட்டின் பிழைப்பையே அடகு வைக்கிறீர்கள்.

மச்சான் மகனைப் பற்றி ஒரு வரி போதும். அவன் வேலைக்குப் போன வருடத்தின் சந்தை வேறு, இவள் 2030 வாக்கில் போகப்போகும் சந்தை வேறு. அது எப்படி இருக்கும் என்று மச்சானுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றில் பணத்தைப் போடுவதென்றால், பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கும் விரும்பி உட்காரும் பாடத்தில் போடுவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

இனி அவள் சொல்வது என்னவென்று பார்ப்போம். அவள் கெட்டுப்போகவில்லை. எலெக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதுபோல ஸ்பின் என்ற காந்தக் குணமும் உண்டு. நம் வீட்டு வயரிலும் செல்போன் சிப்பிலும் மின்னூட்டத்தை மட்டும்தான் பயன்படுத்துகிறோம். போகும் வழியில் எலெக்ட்ரான் அணுக்களிலும் அழுக்குகளிலும் மோதித் திரும்புவதால்தான் சிப் சூடாகிறது. ஒரு மெல்லிய தளத்துக்குள் அடைபட்ட எலெக்ட்ரான் கொஞ்சம் அழுக்கு இருந்தாலே, குளிர்நிலையில், சிக்கி நின்றுவிடும் என்று 1979-ல் நான்கு பேர் சேர்ந்து ஒரு கோட்பாடு எழுதினார்கள். அவர்களில் ஒருவர் நம் நாட்டு டி.வி. ராமகிருஷ்ணன். அந்தச் சிறையிலிருந்து தப்பிக்கும் பொருள்கள் சில உண்டு என்பதுதான் பாப்பாவைப் பிடித்திழுத்திருக்கும் விஷயம்.

அவற்றை டோப்பாலஜிக்கல் பொருள்கள் என்கிறார்கள். உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்: வேட்டியில் உடல் வெறும் வெள்ளை, கரையில் மட்டும் ஜரிகை ஓடுவதுபோல, இந்தப் படலங்களின் நடுப்பகுதி மின்சாரத்தைக் கடத்தாது, விளிம்பில் மட்டும் மின்னோட்டம் போகும். அந்த விளிம்பில் மேல்நோக்கிய ஸ்பின் உள்ள எலெக்ட்ரான் ஒரு திசையிலும், கீழ்நோக்கிய ஸ்பின் உள்ளது எதிர்த்திசையிலும் மட்டுமே ஓட முடியும். திரும்ப வேண்டுமென்றால் ஸ்பின்னையே புரட்டியாக வேண்டும். காந்தத்தன்மை இல்லாத சாதாரண அழுக்கால் அதைப் புரட்ட முடியாது. ஆகவே எலெக்ட்ரான் மோதித் திரும்பாமல் போய்க்கொண்டே இருக்கும்.

2005-ல் கேன், மெலே என்ற இயற்பியலாளர்கள் இருவரும் கிராஃபீனை (ஒரே ஒரு அணு தடிமன் உள்ள கார்பன் படலம்) வைத்து இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கிராஃபீனில் விளைவு மிகமிகச் சிறியது. மறு ஆண்டு பெர்னெவிக், ஹியூஸ், ஷாங் மூவரும் மெர்க்குரி டெலுரைடு என்ற பொருளில் பெரிதாகக் கிடைக்கும் என்றார்கள். 2007-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மோலென்காம்ப் குழு செய்தே காட்டியது. படலத்தின் தடிமன் 6.3 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சாதாரணக் குறைகடத்தி. அதைத் தாண்டினால் விளிம்பு மின்னோட்டம் வருகிறது, மின்தடை 12,900 ஓம் அருகே வந்து நிற்கிறது. அந்த எண் பொருளைப் பொறுத்ததல்ல, எலெக்ட்ரானின் மின்னூட்டத்தையும் பிளாங்க் மாறிலியையும் மட்டும் பொறுத்தது. அதற்கே மிகக் கடுமையான குளிர் தேவைப்பட்டது. 2018-ல் டங்ஸ்டன் டைடெலுரைடின் ஒற்றை அடுக்கில் 100 கெல்வின் வரை, அதாவது மைனஸ் 173 டிகிரி வரை, இதைப் பார்த்துவிட்டார்கள்.

உங்களிடம் மறைக்கக் கூடாது: கடையில் விற்கும் எந்தச் சாமானிலும் இந்த விளிம்பு மின்னோட்டம் இன்று வேலை செய்யவில்லை. எப்போது செய்யும் என்று தேதி சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் இதன் மூத்த உறவு ஒன்று சந்தைக்கு வந்துவிட்டது. ஸ்பின்னைப் பொறுத்து மின்தடை மாறும் விளைவை 1988-ல் ஃபெர்ட்டும் க்ரூன்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பத்தே ஆண்டுகளுக்குள் அது கணினி ஹார்ட் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் முனைக்குள் போய்விட்டது. 2007-ல் இருவருக்கும் நோபல். கரண்ட் போனாலும் நினைவை இழக்காத எம்ரேம் சிப்புகள் அதே வம்சம்தான், இன்று விற்பனையில் இருக்கின்றன.

சரி, வழி? ஐஐடி, என்ஐடி, ஐசர் பற்றிக் கோச்சிங் சென்டர் விளம்பரங்கள் உங்களுக்குப் போதுமான அளவு சொல்லியிருக்கும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஏறக்குறைய யாரும் உங்களிடம் சொல்லியிருக்காத வழி ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ பி.எஸ்சி. இயற்பியல், அதன்பின் முதுநிலையும் ஆராய்ச்சியும் ஒரே சேர்க்கையில் முடியும் ஒருங்கிணைந்த பிஎச்.டி.

கோவை அரசு கலைக் கல்லூரி மாதிரியான இடத்தில் ஆண்டுச் செலவு சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். (அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 வேறு வரும். உங்கள் மகள் மெட்ரிக் பள்ளி என்கிறீர்கள், எனவே உங்களுக்குப் பொருந்தாது, இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்குச் சொல்லி வைக்கிறேன்.) மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதே ஜாம், ஜெஸ்ட் என்ற இரண்டு நுழைவுத் தேர்வுகளை எழுதலாம். ஜாம் இயற்பியல் தாள் மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 20 கேள்விகளுக்கு விடையை எண்ணாகவே கொடுக்க வேண்டும், நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தட்ட முடியாது. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. இந்த மதிப்பெண்ணை வைத்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பி.எஸ்சி. முடித்தவர்களை நேராக ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு எடுக்கிறது. கொல்கத்தாவின் எஸ்.என். போஸ் மையம், பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு மையம் ஆகியவற்றிலும் இத்தகைய சேர்க்கை உண்டு. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தனியாகத் தேர்வு நடத்துகிறது.

இதில் சேர்ந்தால் எம்.எஸ்சி.க்கென்று தனியே செலவழிக்க வேண்டியதில்லை, முதுநிலைப் பாடம் படிக்கும் காலத்திலேயே உதவித்தொகை வரும். ஆராய்ச்சிக் கட்டத்தில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) அளவு மாதம் ₹37,000, இரண்டாண்டு கழித்து ₹42,000, அதோடு வீட்டுவாடகைப் படி. நீங்கள் ₹24,000 தவணை கட்டத் திட்டமிட்டிருந்த வயதில் அவள் கையில் பணம் வாங்கிக்கொண்டிருப்பாள். நடுவில் பிடிக்காமல் போனால் முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வரவும் பல இடங்களில் வழி வைத்திருக்கிறார்கள்.

அங்கே என்ன வேலை செய்வாள்? மச்சான் நினைப்பதுபோலக் கரும்பலகை முன்னால் நிற்பது மட்டுமில்லை. படிகத்தின் மேல் ஒட்டும் டேப்பை வைத்து உரித்து உரித்து ஒற்றை அணு அடுக்கு வரை கொண்டுவர வேண்டும். (கிராஃபீனுக்கு 2010-ல் நோபல் வாங்கித் தந்ததும் இந்த டேப்தான்.) அதைச் சிலிக்கான் வில்லையில் ஒற்றி, நுண்ணோக்கியில் நிறம் பார்த்தே இது ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா என்று சொல்லப் பழக வேண்டும். டங்ஸ்டன் டைடெலுரைடு காற்றுப் பட்டால் கெட்டுவிடும், ஆகவே ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாக வேலை. மேலே போரான் நைட்ரைடு மூடி, எலெக்ட்ரான் கற்றையால் வரைந்து, தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்து, முடியைவிட மெல்லிய கம்பியால் இணைத்து, கடைசியில் குளிர்விப்பான் கருவிக்குள் இறக்குவார்கள். அது வெப்பநிலையைத் தனிச்சுழியத்துக்கு (மைனஸ் 273 டிகிரி) ஒரு டிகிரியின் சிறு பங்கு மேலே வரை கொண்டுபோகும். பிறகு சில நானோஆம்பியர் செலுத்தி, மின்னோட்டம் விடாத முனைகளிலும் வோல்டேஜ் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் விளிம்பு வழியாக ஏதோ ஓடியிருக்கிறது. பல மாத உழைப்பில் செய்த சாதனம் ஒரு நிலைமின் பொறியில் எரிந்துபோவதும் சாதாரணம்.

நான் இந்த வழியைச் சொல்வதற்குக் காரணமே அந்தக் கைவேலைகள்தான். நாளை ஸ்பின் ஆராய்ச்சியே வாடிப்போனாலும் வெற்றிடத் தொழில்நுட்பம், மென்படலம், லித்தோகிராஃபி, தாழ்வெப்பம், நுண்ணளவீடு எதுவும் வாடாது. குஜராத்தில், சானந்தில் மைக்ரானும் தோலேராவில் டாட்டாவும் தொடங்கியிருக்கும் சிப் ஆலைகளுக்கும், அவற்றுக்கு இயந்திரம் செய்யும் நிறுவனங்களுக்கும் வேண்டிய கைகளில் இவையும் சேரும். 2023-ல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ₹6,003.65 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் நான்கு மையங்களில் ஒன்று குவாண்டம் பொருள்களுக்கும் சாதனங்களுக்குமே உரியது, ஐஐடி டில்லி தலைமையில் இயங்குகிறது. குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையத்தை ஐஐடி மெட்ராஸ் நடத்துகிறது.

‘குவாண்டம்’ என்ற பெயரைச் சேர்த்து பி.டெக். விற்கும் ஏஜெண்டுகளும் இந்த அலையில் கிளம்பியிருக்கிறார்கள். குளிர்விப்பான் எங்கே இருக்கிறது, சுத்த அறை எங்கே என்று கேளுங்கள். ப்ரோஷரைக் காட்டினால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வழியின் கஷ்டங்களையும் பாப்பாவை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். பல கல்லூரிகளின் பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் குவாண்டம் இயற்பியல் மேலோட்டம்தான், செமஸ்டர் தேர்வுக்குப் படித்தால் ஜாம் வராது. ஐஐடி மெட்ராஸின் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகள் என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. இரண்டாம் ஆண்டிலிருந்து தினமும் உட்கார்ந்து, கணக்குகளைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். இளநிலை மாணவர்களை ஆராய்ச்சிக்குப் பழக்கும் என்ஐயூஎஸ் திட்டத்தை மும்பை ஹோமி பாபா மையம் நடத்துகிறது, அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிஎச்.டி. முடிய இருபத்தேழு, இருபத்தெட்டு வயதாகும். பேராசிரியர் வேலை குறைவு, போட்டி அதிகம், இரண்டு மூன்று ஆண்டுகள் வெளிநாட்டில் இருக்க நேரலாம்.

வயதைச் சொன்னதும் வீட்டில் அத்தைமார்கள் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எப்போது கட்டிக்கொள்வது என்று அவள் சொல்லட்டும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் அந்தப் பேச்சுக்கு நாற்காலி போடாதீர்கள்.

அவள் ஆசை நிஜமா என்று சோதிக்க வேண்டுமா? நோபல் பரிசு வீடியோவைப் பார்த்து வந்த மயக்கமும் உண்டு, நிறையப் பார்த்திருக்கிறேன். ப்ளஸ் டூ ஆய்வகத்தில் மீட்டர் பாலத்தை வைத்து எடுத்த அளவீடு புத்தக விடையோடு ஒத்துவராதபோது என்ன செய்தாய் என்று கேளுங்கள். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதினேன் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். ஏன் வரவில்லை என்று கம்பியைக் கழற்றிப் பார்த்தேன் என்றால் மேற்கொண்டு கேட்க எதுவுமில்லை. இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒருநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். அன்று அவளை பெங்களூருக்குக் கூட்டிப் போங்கள். மச்சானையும் கூட்டிப் போங்கள், சிரிக்கட்டும்.

அந்தச் சென்னைக் கல்லூரிக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், இடம் வேண்டாம் என்று இந்த வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். குறித்த கடைசித் தேதிக்கு முன் விலகினால், நடைமுறைக் கட்டணமாக ₹1,000-க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் விதி. ரசீது போட்ட பணத்துக்குத்தான் அந்த விதி. ரசீது இல்லாமல் ஏதாவது கொடுத்திருந்தால், அது யார் கையில் போனதோ அவரிடமே இன்று போய்க் கேளுங்கள்.