அப்பாவின் பழைய ரேப் ரெக்கோடரையும் கசெட்டுகளையும் எறிந்துவிடலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: வீட்டில் அப்பாவின் ரேப் ரெக்கோடரும் ஒரு பெட்டி நிறையக் கசெட்டும் சும்மா கிடக்கின்றன, பாட்டெல்லாம் யூடியூப்பில் இருக்கும்போது இவற்றை வைத்திருப்பதில் பயன் ஏதும் உண்டா, இல்லை இது வெறும் பழைய நினைவு மோகமா?

பயன் உண்டு. எறியாதீர்கள். நீங்கள் வீடு மாறுகிறீர்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து அம்மா வீட்டைத் துப்புரவு செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வி பெரும்பாலும் அப்போதுதான் வரும். பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலுக்கு வருவதற்கு முதல் இதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் ஒன்று. கசெட்டில் சத்தம் இனிமை, டிஜிட்டலில் உயிர் இல்லை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். 4 மில்லிமீற்றர்கூட அகலமில்லாத நாடா, செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகிறது, அதில் என்ன பெரிய தெளிவு வரும்? பின்னால் "ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல் எப்போதும் இருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பேர்லின் கண்காட்சியில் இதைக் கொண்டுவந்தபோது பாட்டுக்கென்று கொண்டுவரவில்லை, பேச்சைப் பதிவுசெய்யத்தான் கொண்டுவந்தது. பாட்டெல்லாம் பிறகு வந்து ஏறிக்கொண்டது. நான் சொல்லப்போவதும் பேச்சைப் பற்றித்தான். பாட்டுக்கு யூடியூப் போதும், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

எங்கள் வீட்டில் இருந்தது நெஷனல் பனசோனிக், இரண்டு ஸ்பீக்கர், ரேடியோவும் சேர்ந்தது. பெரிய மாமா சவூதியிலிருந்து முதல் லீவில் வந்தபோது கொண்டு வந்தார். திருகோணமலையில் அந்தக் காலத்தில் சவூதி போனவர் வீட்டை வெளியில் இருந்தே கண்டுபிடிக்கலாம், பின்னேரம் பாட்டுச் சத்தம் அங்கேயிருந்துதான் வரும். மாமா அதைத் தன் வீட்டில் வைக்காமல் அக்காவுக்கென்று எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அப்பா கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) கிளாக்கர். அதற்கு அம்மாவைக் கொண்டு ஒரு துணி உறை தைப்பித்து, பூட்டும் அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். எங்களில் ஒருவரும் தொடக்கூடாது. காலையில் இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல் பாட்டு நிகழ்ச்சி போகும்போது அப்பாவே திறப்பார், அப்பாவே மூடுவார். பிடித்த பாட்டு வந்தால் ரெக்கோட் பண்ணுவார், அதனால் எங்கள் கசெட்டுகளில் பாதிப் பாட்டு தொடக்கம் இல்லாமலும் மீதிப் பாட்டு கடைசியில் அறிவிப்பாளர் குரலோடும்தான் இருக்கும். கே.எஸ். ராஜாவின் அந்த வேகமும், ராஜேஸ்வரி சண்முகத்தின் நிதானமும் எனக்குப் பாட்டோடு ஒட்டியே மனசில் பதிந்து கிடக்கிறது. இப்போது அதே பாட்டைச் சுத்தமாகக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் அறிவிப்பாளரைக் காது தேடுகிறது.

அப்பாவிடம் செக்கன்ட் ஹான்டாக வாங்கிய ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. அதில் ரேடியோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டால் இந்தச் செற்றை உறையோடு எடுத்து, பெரிய பற்றறி 6 போட்டு, பின் சீற்றில் அம்மம்மாவின் மடியில் வைப்பார். அம்மம்மா அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவார். பற்றறி இறங்கத் தொடங்கினால் பாட்டு இழுபடும், பெண் குரல் ஆண் குரலாகும். அப்பா உடனே நிப்பாட்டச் சொல்லி, பற்றறியைக் கழற்றி டாஷ்போட்டில் வெயில் படும் இடத்தில் அடுக்குவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு இரண்டு பாட்டுக்குச் சரி.

தூரம் எங்கும் போனதில்லை. கன்னியாவுக்குப் போய் 7 கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றிவிட்டு வருவோம், ஒவ்வொரு கிணற்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி இருப்பது அந்த வயதில் பெரிய அதிசயம். இல்லாவிட்டால் நிலாவெளி. அந்த வீதியில் வடக்கே போனால் ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம், 1980களில் கட்டியது, வானத்தைக் கம்பியால் கட்டிவைத்த மாதிரி உயர உயரக் கோபுரங்கள். அதைக் கடக்கும்போது எங்கள் செற்றில் கசெட் பாட்டுக்கு அடியில் யாரோ வேற்று மொழியில் பேசுவது மெல்லக் கேட்கும். ரேடியோ மூடியிருக்கும், ஓடுவது கசெட்தான், ஆனாலும் கேட்கும். பேய் என்று தங்கச்சி அழுவாள். அவ்வளவு சக்தியான அலைக்குப் பக்கத்தில் போனால் செற்றின் உள்வயரே ஏரியல்போல வேலை செய்யும் என்று பிற்காலத்தில்தான் விளங்கியது. 2013இல் ஜேர்மன்காரர் அந்த நிலையத்தை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இதெல்லாம் பிரச்சினை இல்லாத நாட்களில். எங்கள் ஊரில் அந்த நாட்களை யாரும் தொடர்ச்சியாகச் சொல்ல முடியாது, இடையில் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்குள்தான். 90களில் நிலாவெளி வீதியில் போவதென்றால் ஆமிக் காவல் நிற்கும் சென்றியில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், செற்றின் பின்மூடியைக் கழற்றிப் பற்றறி வைக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். ஒருமுறை ஒரு ஆமிக்காரப் பையன், இருபது வயது இருக்கும், பாட்டுப் போட்டுக் காட்டச் சொன்னான். அப்பா போட்டார். அவன் பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போகச் சொன்னான். இதை எழுதினால் ஒரு பக்கத்தார் ஒன்று சொல்வார்கள், மற்றப் பக்கத்தார் இன்னொன்று சொல்வார்கள். நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். அந்த வீதியில் நாங்கள் பட்டதையும் மறந்துவிட்டு எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2002இல் சமாதானம் வந்து வீதிகள் திறந்தன. மூதூரில் இருந்த பெரியம்மாவை ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் இருந்த அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். லோஞ்சில் போனால் சுகம், ஆனால் அப்பாவுக்குக் கார் கொண்டு போக ஆசை. சீனன்குடா, வெள்ளைமணல், அங்கிருந்து பாதையில் ஏறிக் கிண்ணியா, அதற்குப் பிறகும் மூதூர் வரை துறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: வாகனத்தையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றி ஆற்றைக் கடத்தும் தட்டையான மிதவையை நாங்கள் பாதை என்போம்.) பெரியம்மாவும் அம்மம்மாவும் சந்தித்துப் பேசுவதைப் பதிய வேண்டும் என்று அப்பா புது டிடிகே கசெட் ஒன்று வாங்கியிருந்தார். செற் சரியாகப் பதிகிறதா என்று பார்க்கக் கிண்ணியாப் பாதையில் வைத்து ரெக்கோட் பட்டனை அமத்தினார்.

அந்தக் கசெட் இப்போது என்னிடம் இருக்கிறது. முதலில் அப்பா "ஹலோ, ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்கிறார். பிறகு கார் கதவு சாத்தும் சத்தம். எஞ்சின் இரைச்சல், அதற்கு மேலே பெரிய மாமா யாரிடமோ "தம்பி, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ, கதவு திறக்கேலாம இருக்கு" என்று சொல்கிறார். யாரோ கூடையில் கொண்டு வந்த கோழி ஒன்று விடாமல் கத்துகிறது. தங்கச்சி தண்ணீருக்குள் ஏதோ மீனைக் கண்டு கூப்பிடுகிறாள். அக்கரை கிட்ட வர வர, முதலில் மெல்லவும் பிறகு தெளிவாகவும், கிண்ணியாப் பள்ளிவாசலில் இருந்து லுகர் என்ற பகல் தொழுகைக்கான பாங்கு கேட்கிறது. அம்மம்மா "லுகர் ஆயிட்டுது, சோத்துக்குப் பிந்தப் போறம்" என்கிறார். கடைசியில் பாதை கரையில் முட்ட, பலகை விழுந்து, மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று இறங்குகின்றன. அப்பா "நிப்பாட்டு, பற்றறி போகுது" என்று சொல்ல, டக்கென்று முடிகிறது.

இதை யூடியூப்பில் தேடிப் பாருங்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன். கிண்ணியாப் பாதையின் படம் கிடைக்கும், சத்தம் எனக்குக் கிடைக்கவில்லை.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர், அப்போது இலங்கையிலேயே நீளமான பாலம், வாகனத்தில் அரை நிமிடம். பாலம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் பாதைக்குக் காத்துக் கிடந்த கதையெல்லாம் எங்களுக்கும் தெரியும். 2021 நவம்பரில் அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில், பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு பாதை கவிழ்ந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பாலம் நல்லது, வரட்டும், இன்னும் வரட்டும். ஆனால் இரண்டு கரைச் சனமும், கோழியும், மோட்டார் சைக்கிளும், பாங்குச் சத்தமும் ஒன்றாக மிதந்த அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் கசெட்டில் இருக்கிறது. அதற்கு நான் பெறுமதி வைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய மாமாவின் வீடு அலஸ்தோட்டத்தில் கடற்கரைப் பக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆட்கள் தப்பினார்கள், வீட்டில் இருந்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, கலியாண அல்பம் உட்பட. நாங்கள் உவர்மலையில் இருந்தபடியால் எங்கள் பெட்டி தப்பியது. மாமா பிறகு நோயில் போய்ச் சேர்ந்தார். கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு இந்தப் பதிவை அனுப்பினேன், அவள் போன் எடுத்து ஒன்றும் பேசாமல் அழுதாள், பிறகு "அந்தக் கதவு திறக்கேலாது எண்டு சொல்லுற இடத்தைத் திரும்பப் போடு" என்றாள். இதை மோகம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் பயணம் என்றதும் நெஞ்சு எரிவதால் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் சோறு வாழையிலையில் கட்டித்தான் கொண்டு போவோம், சாப்பிட்டு எறிந்தால் மாடு தின்னும். இப்போது கோணேசர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் வான் வானாக வருகிறவர்கள் சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீற்றை அப்படியே சோறோடு எறிந்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊர்ப் புள்ளிமான்கள் கோட்டையிலும் ரவுணிலும் வீதி வீதியாகத் திரிவது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அந்த மான் பொலித்தீனை மென்று விழுங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட குப்பையை வானிலேயே ஒரு பையில் போட்டுக் கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்? திருகோணமலைக்கு வாருங்கள், சந்தோஷம், குப்பையைத் திரும்பக் கொண்டு போங்கள்.

அப்புறம், நீங்கள் உடனே செற்றில் கசெட்டைப் போட்டு ஓடவிட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த செற்றுக்குள் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருக்கும், மோட்டார் சுற்றும், சில்லு சுற்றாது. எங்களுடையதும் அப்படித்தான். முதலில் கொழும்பில் ஒரு கடையில் கொடுத்தேன், மாதக்கணக்கில் வைத்திருந்து, உள்ளே இருந்த நல்ல மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறு ஏதோ ஒன்றைப் பூட்டித் தந்தார்கள், கேட்டால் இதுதான் அது என்று சாதித்தார்கள். கடைசியில் மடத்தடிப் பக்கம் வீட்டிலேயே ரேடியோ திருத்தும் வயதான ஐயா ஒருவர்தான் சரிப்படுத்தினார். பெல்ட் மாற்றி, ஹெட்டையும் நாடாவை இழுக்கும் அந்தச் சின்ன ரப்பர் உருளையையும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தார். பஞ்சு மண்ணிறமாக வந்தது. பிறகு ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் ஸ்குரூவை நூலளவு நூலளவாகத் திருப்பி "இப்ப கேளுங்கோ தம்பி, இப்ப?" என்று கேட்டுக்கொண்டே போனார், ஒரு இடத்தில் அப்பாவின் குரல் போர்வையை விலக்கியதுபோல் தெளிந்தது. காசு வாங்க மறுத்தார். இப்படியான ஆட்கள் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள், இன்னும் பத்து வருடம் கழித்துத் திருத்த ஆள் தேட முடியாது.

சி-90 கசெட் என்றால் கவனம், சி-60ஐ விட நாடா மெல்லிசு, சி-120 அதைவிட மோசம், சிக்கினால் அறுந்துவிடும். ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றிவிட்டுப் போடுங்கள். இயர்போன் ஓட்டையில் இருந்து ஒரு வயர் எடுத்துக் கம்பியூட்டரில் கொடுத்தால் பதிந்துவிடலாம், பெரிய வித்தை இல்லை. பதிந்ததை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று ஊரில், ஒன்று வெளியில் இருக்கும் உறவினரிடம்.

செற்றில் போடுவதற்கு முதல் ஒவ்வொரு கசெட்டின் பின்விளிம்பிலும் இருக்கும் இரண்டு பிளாஸ்ரிக் முனைகளை உடைத்துவிடுங்கள், பிறகு கை தவறி ரெக்கோட் பட்டனில் பட்டாலும் அது அமராது. வெளியில் சினிமாப் பாட்டு என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு மிச்சம் இருக்கும் நாடாவில்தான் அனேகமாக வீட்டு ஆட்கள் பேசிப் பார்த்திருப்பார்கள், ஆகவே இரண்டு பக்கத்தையும் நாடா முடிந்து பட்டன் தானாக எழும்பும்வரை ஓடவிடுங்கள்.