ஜீன் கிரே இறந்தது எந்த இதழில்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எக்ஸ்-மென் காமிக்ஸை முதலிலிருந்து படிக்க ஆசைப்பட்டு, ரசிகர்கள் தயாரித்த வாசிப்பு வரிசைப் பட்டியல்கள் மூன்றை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன. ஒன்று 1976ஆம் ஆண்டு இதழ்களுக்கு நடுவே 1980களில் வெளியான கதைகளைச் செருகுகிறது. இன்னொன்று தோர் இதழ்களையும் இடையில் படிக்கச் சொல்கிறது. கதைக்குள் எது முதலில் நடந்ததோ அதை முதலில் படிப்பதுதானே முறை? எந்தப் பட்டியலை நம்புவது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கதைக்குள் முதலில் நடந்ததை முதலில் படிக்க வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எக்ஸ்-மென் கதையை முதன்முறையாகப் படிப்பவருக்கு அதைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கும் முறை வேறில்லை என்பதே என் உறுதியான எண்ணம். உங்களைக் குழப்பிய அந்த 1976ஆம் ஆண்டு இதழ்களையே எடுத்துக்கொள்வோம்.

எக்ஸ்-மென் 100ஆம் இதழின் முடிவில், அந்தக் குழுவின் நாயகியரில் ஒருத்தியான ஜீன் கிரே, கதிர்வீச்சுப் புயலுக்குள் விண்கலத்தைத் தனியே ஓட்டி வருகிறாள். 101ஆம் இதழில் கலம் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவில் விழுகிறது. நீரைப் பிளந்துகொண்டு, ஃபீனிக்ஸ் என்ற புதிய பெயரும் பேராற்றலும் கொண்டவளாக அவள் மேலெழுகிறாள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1980இல் வந்த 137ஆம் இதழில், நிலவின் மேல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறாள். எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட்டும் வரைந்த ஜான் பைர்னும் முதலில் திட்டமிட்ட முடிவு வேறு. ஒரு கோளில் வாழ்ந்த அத்தனை உயிர்களையும் அழித்தவள் தண்டனையின்றித் தப்பிக்கக் கூடாது என்று, எக்ஸ்-மென்னை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தின் அன்றைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் வற்புறுத்திய பிறகே அந்த மரணம் எழுதப்பட்டது. எழுதியவர்களுக்கும் அன்று படித்தவர்களுக்கும் இறந்தவள் ஜீன்தான்; அதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

1986இல் நிலைமை மாறியது. முதல் எக்ஸ்-மென் உறுப்பினர்கள் தனிக் குழுவாகச் சேரும் எக்ஸ்-ஃபேக்டர் என்ற புதிய இதழுக்காக ஜீன் மீண்டும் தேவைப்பட்டாள். அவள் அத்தனை காலமும் விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக் கிடந்தாள் என்றும், நிலவில் இறந்தது அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட ஒரு பேராற்றல் என்றும் மார்வெலின் மற்றொரு தொடரான ஃபென்டாஸ்டிக் ஃபோரின் 286ஆம் இதழ் அறிவித்தது. அதே ஆண்டில் பழைய கதைகளை மறுபதிப்புச் செய்யத் தொடங்கிய கிளாசிக் எக்ஸ்-மென், அவற்றோடு புதிய குறுங்கதைகளையும் சேர்த்து வெளியிட்டது. விண்கலத்துக்குள் ஜீனும் அந்த ஆற்றலும் சந்திக்கும் காட்சி அவற்றில் ஒன்றாக வந்தது.

கதைக்காலத்தின்படி அடுக்கும் பட்டியல் இந்தக் குறுங்கதையை 100க்கும் 101க்கும் இடையில் வைக்கிறது. அந்த இடம் தவறானதன்று. நிகழ்ச்சி அங்கேதான் நடக்கிறது. ஆனால் அந்த வரிசையில் படிப்பவர், பத்தாண்டுகளுக்குப் பிறகு அவிழ வேண்டிய முடிச்சை முன்பே அவிழ்த்துவிட்டு, 137ஆம் இதழை ஓர் ஆள்மாறாட்டக் கதையாகப் படிப்பார். அழ வேண்டிய பக்கத்தில் அவருக்கு அழுகை வராது. ஆகவே முதல் வாசிப்புக்கு வெளியீட்டு வரிசைதான் சரி.

இதனால் மற்றப் பட்டியல்களை வீண் வேலை என்று நான் ஒதுக்குவதாக எண்ண வேண்டாம். அவற்றின் பின்னே இருக்கும் உழைப்பின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. பழைய மார்வெல் இதழ்களில், பாத்திரத்தின் பேச்சில் ஒரு சொல்லுக்கு மேல் நட்சத்திரக் குறி இருக்கும். அதே கட்டத்தின் அடியில் ஒரு சிறு பெட்டிக்குள், இன்ன இதழின் இன்ன எண்ணைப் பார்க்கவும் என்று ஆசிரியர் குறிப்பு இருக்கும். ரசிகர்கள் அந்தக் குறிகளைத்தான் ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். ஜார்ஜ் ஓல்ஷெவ்ஸ்கி என்ற சேகரிப்பாளர் 1970களிலேயே மார்வெல் இதழ்களுக்கு அட்டவணை நூல்களை வெளியிடத் தொடங்கிவிட்டார். பின்னாளில் வந்த மார்வெல் குரோனாலஜி புராஜெக்ட், ஒவ்வொரு பாத்திரமும் தோன்றும் இடங்களை அந்தப் பாத்திரத்தின் வாழ்க்கை வரிசையில் அடுக்கி, எது ஃப்ளாஷ்பேக், எது திரைமறைவில் நடந்தது என்று தனித்தனியே குறித்து வைத்திருக்கிறது.

இந்த உழைப்பு இல்லாவிட்டால் சில இடங்களில் நாம் திசை தெரியாமல் நின்றுவிடுவோம். 1970இல் 66ஆம் இதழோடு எக்ஸ்-மென் புதிய கதைகள் நின்றுபோயின. 67 முதல் 93 வரை வந்தவை அனைத்தும் மறுபதிப்புகளே. அந்த ஐந்தாண்டுகளில் பாத்திரங்கள் சும்மா இருக்கவில்லை. குழுவின் உறுப்பினனான பீஸ்ட் உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த உருவத்தைப் பெற்றது 1972இல், அமேசிங் அட்வென்ச்சர்ஸ் என்ற வேறோர் இதழில். எக்ஸ்-மென் எண்களை மட்டும் பார்த்துப் படிப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

தோர் இதழைப் படிக்கச் சொன்ன பட்டியலும் சரியாகவே சொல்கிறது. 1986இல் வந்த மியூட்டன்ட் மாஸகர் கதையில், நியூயார்க்கின் அடியிலுள்ள சுரங்கங்களில் ஒளிந்து வாழும் மார்லாக்குகள் என்ற மியூட்டன்ட் கூட்டத்தார் கொன்று குவிக்கப்படுகிறார்கள். எக்ஸ்-மென் குழு ஒரு பக்கமும் எக்ஸ்-ஃபேக்டர் குழு மறுபக்கமும் அதே சுரங்கங்களில் போராடுகின்றன. ஆனால் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. ஜீன் உயிரோடு இருப்பது எக்ஸ்-மென்களுக்குத் தெரியாது என்பதால் சந்திக்கவும் கூடாது. எக்ஸ்-ஃபேக்டர் 10ஆம் இதழில், அந்தக் குழுவைச் சேர்ந்த ஏஞ்சலின் சிறகுகளை ஈட்டிகளால் சுவரோடு அறைந்துவிடுகிறார்கள். அவனை மீட்பவர் தோர், தம்முடைய 374ஆம் இதழில். அதைப் படிக்காமல் எக்ஸ்-ஃபேக்டர் 11க்குப் போனால் நடுவில் ஒரு படி விடுபட்டுவிடும்.

அட்டையிலுள்ள மாதத்தை வைத்து நாமே அடுக்கிக்கொள்ளலாமே என்றால், அதுவும் எளிதன்று. அட்டை மாதம் விற்பனைக்கு வந்த மாதமாக இருப்பதில்லை. சூப்பர்மேன் இறக்கும் 75ஆம் இதழின் அட்டையில் 1993 ஜனவரி என்றிருக்கும். கடைக்கு வந்ததோ 1992 நவம்பர் 18. அந்தச் சூப்பர்மேன் இதழ்களில், அவற்றை வெளியிடும் டிசி நிறுவனம் செய்த ஏற்பாடு மிக நல்லது. ஒரே கதை பல சூப்பர்மேன் தொடர்களில் மாறி மாறி ஓடியதால், 1991 முதல் அட்டையில் ஒரு சிறு முக்கோணமும் அதற்குள் அந்த ஆண்டுக்கான வரிசை எண்ணும் அச்சிட்டார்கள். எந்தப் பட்டியலும் இல்லாமல் ஒரு சிறுவன் சரியாகப் படிக்க முடிந்தது. மார்வெலும் இதைச் செய்திருக்கலாம் என்று நான் பலமுறை ஏங்கியதுண்டு.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். 1963ஆம் ஆண்டு இதழ்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1975இல் வந்த ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழில் தொடங்குங்கள். அங்கிருந்து 94, 95 என்று வெளிவந்த வரிசையிலேயே செல்லுங்கள். கிளாசிக் எக்ஸ்-மென் குறுங்கதைகளை இப்போது தொடாதீர்கள். 1986ஐ அடைந்ததும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 286ஐப் படியுங்கள்; மியூட்டன்ட் மாஸகருக்கு மட்டும் ரசிகர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு அந்த விண்கலக் குறுங்கதையை எடுத்துப் படித்துவிட்டு, உடனே 101ஆம் இதழின் விரிகுடாக் காட்சியை மறுபடி திறந்து பாருங்கள். நீரிலிருந்து எழும் அந்த முகம் உங்களுக்கு அப்போது யாராகத் தெரிகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.