இரத்த அழுத்த மருந்தைப் போலி மருந்தோடு ஒப்பிடும் உங்கள் ஆய்வில், அளவுகளின் சிதறல் (திட்டவிலக்கம்) எதிர்பார்த்த 10-க்குப் பதில் 12.5 என்று நடுவில் தெரிந்திருக்கிறது. பாதியில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டலாமா?

கூட்டலாம். ஆனால் யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்று பிரிக்காமல் அந்த 12.5-ஐக் கணக்கிட்டிருக்க வேண்டும். அப்படியென்றால், பலனில்லாத மருந்தைப் பலனுள்ளது என்று தவறாக முடிவுகட்டும் வாய்ப்புக்கு வைத்த 5% பிழை வரம்பு ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

இரத்த அழுத்தத்தில் 5 மி.மீ. வித்தியாசம், திட்டவிலக்கம் 10, பவர் (வித்தியாசம் நிஜமாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80% என்று வைத்துத்தான் குழுவுக்கு 63 பேர் போட்டிருக்கிறீர்கள். விலக்கம் 12.5 என்றால் 63-ஐ 1.56-ஆல் (12.5/10-இன் வர்க்கம்) பெருக்க வேண்டும், சுமார் 98. இரு குழுக்களையும் சேர்த்துக் கணக்கிட்டதால் மருந்தின் விளைவும் அதில் கலந்திருக்கும். வித்தியாசம் நிஜமாகவே 5 என்றால் சுத்தமான விலக்கம் 12.25. பெரிய விஷயமில்லை.

முதலில் விலக்கத்தை மையவாரியாகப் பாருங்கள். பழைய 10 ஒரே மருத்துவமனை ஆய்விலிருந்து வந்ததா? பல மையங்களில் அது கூடுவது சகஜம். ஒரு மையம் மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் கருவியையோ கைப்பட்டை அளவையோ சந்தேகப்படுங்கள். ஆளைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது.

அப்புறம், குழுக்களுக்கு இடையிலான வித்தியாசத்தை யாராவது ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தால் கதை வேறு. அப்போது இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சாதாரண டி-டெஸ்ட் போதாது. 1999-இல் சூயி, ஹங், வாங் முன்வைத்த எடையிட்ட சோதனை (மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த தரவுகளுக்கு முன்பே குறித்த எடையைத் தருவது) போன்ற ஒன்று வேண்டும். எப்படியானாலும், திருத்திய திட்டத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வரும்வரை பழைய திட்டத்தின் 126 பேருக்கு (63 × 2) மேல் 127-ஆவது நபரைச் சேர்க்காதீர்கள்.