கண்காட்சியில் பெட்டி வாங்க வேண்டாம், கூர் பார்த்து வாருங்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன், வயது 31. இயந்திரமில்லாமல் கைக்கருவிகளைக் கொண்டே மரவேலை கற்க ஆசை. பெங்களூரில் நடக்கும் மரவேலைக் கண்காட்சியில் செய்முறை விளக்கங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். 38,000 ரூபாய்க்கு முழுக் கருவிப் பெட்டியும் சான்றிதழும் வாங்கித் தருவாராம்; அரசு மானியத்தில் பாதிப் பணம் திரும்பிவிடுமாம். முன்பணம் கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். கண்காட்சிக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் அவருடன் போகாதீர்கள்.

மானியக் கதையை முதலில் முடித்துவிடுவோம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் கிடைப்பது வங்கிக் கடனோடு இணைந்த 25 விழுக்காடு மானியம். அதன் உச்சவரம்பு 50,000 ரூபாய். விண்ணப்பிக்க 35 வயது நிறைந்திருக்க வேண்டும். பெட்டி வாங்கிய பில்லைக் காட்டிப் பாதிப் பணம் பெறும் வழி அதில் இல்லை, உங்கள் வயதும் பொருந்தாது. ஏற்கெனவே தொழிலில் இருப்பவருக்குக் கைகொடுப்பது நியாயமே. ஆனால் முப்பது வயதில் முதன்முதலாக உளி பிடிக்க வருகிறவர் எங்கே போய்க் கற்பது என்று நான் எத்தனையோ அலுவலகங்களில் கேட்டுவிட்டேன், ஒரு மேசையிலும் பதில் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இத்தகைய தரகர்கள் பிழைக்கிறார்கள். அவர் தரும் சான்றிதழ், நீங்கள் அங்கே போய் நின்றதற்கு மட்டுமே சான்று.

இந்தியாவுட் போன்ற பெருங்கண்காட்சிகள் முதன்மையாகத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கானவை; கைக்கருவிகளுக்கு அங்கே கிடைப்பது சிறு இடமே. எந்தக் கண்காட்சியானாலும் விளக்கம் காட்டுபவரின் முன்னால் இருக்கும் மரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது முடிச்சில்லாத, நார் நேராக ஓடும் பைன் பலகையாக இருக்கும். இழைப்புளியின் அலகும் அன்று காலையில் தீட்டியதாக இருக்கும். வெங்காயச் சருகு போலச் சீவல் எழும்புவதைப் பார்த்தவுடன் கருவியின் மகிமை என்று நினைத்து வாங்கிவிடுகிறோம். அதே இழைப்புளியை வீட்டில் வேம்பின் மீது ஓட்டினால், நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னியிருப்பதால் மேற்பரப்பு பிய்ந்துகொண்டு வரும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கண்காட்சியில் ஆறு உளிகள் கொண்ட செட் வாங்கினேன். வேப்பஞ்சட்டத்தில் துளை வெட்டிய முதல் நாளே அரை அங்குல உளியின் முனை மடங்கியது. திருப்பிக் கேட்க விற்றவரின் முகவரிகூட என்னிடம் இல்லை.

ஆகவே விற்பவரிடம், அலகை வேண்டுமென்றே மழுக்கி உங்கள் கண்ணெதிரே மறுபடியும் தீட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். தீட்டும் சாய்வு 25 முதல் 30 பாகைக்குள் இருப்பதையும், அலகின் பின்புறம் கல்லில் தட்டையாகப் படிவதையும், முனை முழுவதும் மெல்லிய பிசிறு எழுந்த பிறகே அவர் அலகைத் திருப்புவதையும் பாருங்கள். பிறகு அலகைக் கையில் வாங்கி, முனையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். மழுங்கிய இடத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கூரான முனையில் எதுவும் தெரியாது. இந்த ஒரு காட்சிக்காகவே பெங்களூர் வரை போகலாம்.

கண்காட்சியில் எதையும் வாங்க வேண்டாம் என்றாலும் ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு: தீட்டுவதற்கான வைரத் தகடு, அதாவது வைரத் துகள் பதித்த தகடு. நம் ஊரில் கிடைக்கும் கார்போரண்டம் கல் சில மாதங்களில் நடுவில் குழிந்துவிடும், குழிந்த கல்லில் தீட்டிய அலகு நேராக வெட்டாது. வைரத் தகடு குழியாது. ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 எண் உள்ளதாக வாங்குங்கள்; எண் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும். எஃகு அளவுகோலின் விளிம்பைத் தகட்டின் மீது குறுக்காகவும் மூலைவாட்டமாகவும் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள்; கசிந்தால் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஒட்டிய மெல்லிய தகடு வளையும், அதுவும் வேண்டாம். புதிய தகட்டில் அழுத்தித் தேய்க்காதீர்கள், தண்ணீர் தெளித்து மெதுவாகத் தேய்த்தால் போதும். வேலை முடிந்ததும் துடைத்து உலர்த்தாவிட்டால் துருவேறும். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ விட்டுச் சென்ற எண்ணெய்க்கல் தட்டையாக இருந்தால் இந்தச் செலவும் தேவையில்லை.

பழகுவதற்கு, ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் நல்ல மரம். மர அறுவை மில்லில் நன்கு காய்ந்த துண்டாகக் கேட்டு வாங்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது தச்சர்கள் கணக்கு. சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், கையை மூடிக்கொள்ளுங்கள். ஒருநாள் நம் மாவட்டத்துத் தம்மம்பட்டிக்குப் போய், மரச்சிற்பிகள் உளியைப் பிடிக்கும் விதத்தையும் இடையிடையே தீட்டிக்கொள்ளும் விதத்தையும் அருகிலிருந்து பாருங்கள். சிற்ப வேலையும் மேசை, பெட்டி செய்யும் வேலையும் வேறு வேறுதான், என்றாலும் கூர் இரண்டுக்கும் பொது.

முதல் மாதத்துக்கு அரை அங்குல உளி ஒன்று போதும். தினமும் தீட்டி, சில்வர் ஓக் துண்டின் வெட்டுமுகத்தை, அதாவது நார் குறுக்காக அறுபட்ட முனையைச் சீவிப் பாருங்கள். பொடியாக உதிராமல் சுருளாக வரத் தொடங்கிய பிறகு இழைப்புளி வாங்கலாம்.