அமெரிக்காவில் லேட் நைட் டாக் ஷோக்களை ஒளிபரப்பாகும் நேரத்திலேயே சட்டப்படி பார்க்க என்ன வழி?

வீட்டில் கேபிள் இணைப்பு இல்லை, திருட்டுத் தளங்களின் பக்கம் போக விருப்பமில்லை, ஆனால் ஜிம்மி ஃபாலன், ஜிம்மி கிம்மல் ஆகியோரின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கலாம், மாதச் சந்தா என்று ஒரு டாலர்கூடக் கட்டாமலேயே பார்க்கலாம். சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் இருந்தபடி நான் அப்படித்தான் பார்த்து வருகிறேன்.

அதற்கு முன், 'நேரலை' என்ற சொல்லைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஃபாலனின் நிகழ்ச்சி நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் கட்டடத்திலும் கிம்மலின் நிகழ்ச்சி ஹாலிவுட்டிலும் அன்று மாலையே பார்வையாளர்கள் முன்னிலையில் பதிவாகி, இரவில் ஒளிபரப்பாகின்றன. கிம்மலின் நிகழ்ச்சிப் பெயரில் 'லைவ்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2003இல் தொடங்கியபோது அது உண்மையிலேயே நேரலையாகத்தான் போனது, பிறகு பதிவுக்கு மாறிவிட்டது, பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. கிழக்கு, பசிபிக் நேர மண்டலங்களில் இரவு 11:35க்கும், சிகாகோ போன்ற மத்திய மண்டல ஊர்களில் 10:35க்கும் இவை தொடங்குகின்றன என்பதால், லாஸ் ஏஞ்சலிஸில் இருப்பவர், தம் ஊரிலேயே பதிவான கிம்மலின் நிகழ்ச்சியைக்கூட நியூயார்க்வாசிக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் பார்க்கிறார். சொல்லின் முழுப் பொருளில் நேரலை வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமைதோறும் கிழக்கு நேரம் இரவு 10 மணிக்குக் கட்டணச் சேனலான எச்பிஓவில் வரும் பில் மாரின் நிகழ்ச்சி இருக்கிறது. எச்பிஓ மேக்ஸ் சந்தா இருந்தால் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். இல்லையேல் ஸ்டுடியோவுக்கே போய்விட வேண்டும். அதற்கான சீட்டுகள் இலவசம். ஒன்அயோட்டா என்ற தளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்பிசி, ஏபிசி, சிபிஎஸ் ஆகிய மூன்றும் கேபிளுக்கென்று உருவான சேனல்கள் அல்ல. அந்தந்த ஊர் நிலையங்கள் வழியாக வானலையில் இலவசமாக வருபவை. ஆன்டெனா வைத்து அவற்றைப் பிடிப்பதற்கு உரிமமோ பதிவோ கட்டணமோ கிடையாது. சிகாகோவில் 5ஆம் எண்ணில் என்பிசியின் ஃபாலன், 7ஆம் எண்ணில் ஏபிசியின் கிம்மல், 2ஆம் எண்ணில் சிபிஎஸ். (ஸ்டீபன் கோல்பேரின் நிகழ்ச்சியை 2026 மே மாதத்தோடு முடித்துக்கொள்வதாக சிபிஎஸ் 2025 ஜூலையில் அறிவித்ததால், 2ஆம் எண்ணைத் தேட உங்களுக்குக் காரணம் குறைந்திருக்கலாம்.)

ஆன்டெனா வாங்குவதில் நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். காகிதம்போல் தட்டையாக இருக்கும் ஆன்டெனா ஒன்றை வாங்கி, ஒளிபரப்புக் கோபுரங்கள் இருக்கும் கிழக்குத் திசை ஜன்னலில் ஒட்டி, தொலைக்காட்சியில் சேனல் ஸ்கேன் செய்தேன். 5உம் 7உம் பளிச்சென்று வந்தன. 2 மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து, பேச்சு பாதியில் அறுந்து, பிறகு அடியோடு மறைந்தது. ஆன்டெனாவை ஜன்னலுக்கு ஜன்னல் மாற்றி ஒட்டி ஒரு வாரம் போராடிய பிறகுதான் காரணம் புரிந்தது. திரையில் காட்டும் எண் வேறு, காற்றில் வரும் அலைவரிசை வேறு. 5உம் 7உம் இங்கே யுஎச்எஃப் எனப்படும், அலைநீளம் குறைந்த அலைவரிசையில் வருகின்றன; 2 என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் சிபிஎஸ் நிலையமோ உண்மையில் 12ஆம் அலைவரிசையில், அதாவது அலைநீளம் அதிகமான விஎச்எஃப்பில் வருகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். உள்ளங்கை இரண்டு அகலமுள்ள தகட்டுக்கு அது எளிதில் அகப்படாது. கடைசியில், இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பழங்கால ஆன்டெனா ஒன்றை 20 டாலருக்குள் வாங்கி, ஒவ்வொரு கம்பியையும் சுமார் 36 சென்டிமீட்டர் இழுத்துக் கிடைமட்டமாக விரித்து வைத்தவுடன் 2 வந்துவிட்டது. ஆகவே, கடைக்குப் போகுமுன் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் உங்கள் முகவரியை இட்டுப் பாருங்கள். எந்த நிலையம் எவ்வளவு வலுவாக வரும், அது விஎச்எஃப்பா யுஎச்எஃப்பா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற தயக்கமும் வேண்டாம். உங்கள் தனிப் பயன்பாட்டில் உள்ள பால்கனியிலோ வீட்டுக்குள்ளோ தொலைக்காட்சி ஆன்டெனா வைப்பதைக் குடியிருப்புச் சங்கமோ வீட்டு உரிமையாளரோ பொதுவாகத் தடுக்க முடியாது என்று எஃப்சிசியின் 1996ஆம் ஆண்டு விதி சொல்கிறது. எல்லோருக்கும் பொதுவான மொட்டை மாடிக்கும் வெளிச்சுவருக்கும் அந்த உரிமை பொருந்தாது.

ஆன்டெனா எடுபடாத இடமென்றால் இணையவழிச் சந்தாதான். ஃபாலன் மட்டும் போதுமென்றால் பீகாக் சேவையின் பிரீமியம் பிளஸ் திட்டத்தில் உள்ளூர் என்பிசி நிலையம் அப்படியே ஓடும். அதன் மலிவுத் திட்டத்தில் மறுநாள்தான் கிடைக்கும். சிபிஎஸ்ஸுக்கு அதே வசதி பாரமவுண்ட் பிளஸ்ஸின் பிரீமியம் திட்டத்தில் உண்டு. கிம்மல் விஷயத்தில்தான் சிக்கல். சாதாரண ஹுலு சந்தாவில் அவர் மறுநாள்தான் வருவார். அன்றிரவே பார்க்க யூடியூப் டிவி, ஹுலுவின் லைவ் டிவி போன்ற முழுத் தொகுப்புக்குப் போக வேண்டும். யூடியூப் டிவியின் அடிப்படைக் கட்டணம் 2025 ஜனவரியில் மாதம் 82.99 டாலராக உயர்ந்தது. ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக அவ்வளவு கொடுப்பது என் கணக்கில் வீண்செலவு. கொடுத்தாலும் உத்தரவாதம் இல்லை: ஏபிசியின் உரிமையாளரான டிஸ்னியோடு ஒப்பந்தத் தகராறு ஏற்பட்டு, 2025 அக்டோபர் 30 நள்ளிரவிலிருந்து நவம்பர் 14 வரை ஏபிசி அந்தச் சேவையில் வரவேயில்லை. ஆன்டெனா வைத்திருந்தவர்களுக்கு அந்த இரு வாரங்களும் வழக்கம்போலவே கழிந்தன.

நான் ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் மலிவான தொகுப்பை அவசரப்பட்டு வாங்கிவிட்டு, எங்கள் பகுதிக்கு உள்ளூர் நிலையங்களே அதில் இல்லை என்பதை இரவு 10:34க்குக் கண்டுபிடித்தேன். பணம் கட்டுமுன் அஞ்சல் குறியீட்டை இட்டு உள்ளூர்ச் சேனல் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். அன்றிரவே பார்ப்பதென்றால், எந்த வழியில் பார்த்தாலும் நிகழ்ச்சி உங்களிடம் வந்து சேர்வது உள்ளூர் நிலையம் மூலமாகத்தான். அந்த நிலையம் ஒளிபரப்ப மறுத்தால் ஆன்டெனாவும் ஒன்றும் செய்யாது. கிம்மலின் நிகழ்ச்சியை 2025 செப்டம்பர் 17 அன்று நிறுத்திவைத்த ஏபிசி 23ஆம் தேதி மீண்டும் தொடங்கியபோது, சின்கிளேர், நெக்ஸ்டார் ஆகிய இரு நிறுவனங்களின் நிலையங்கள் 26ஆம் தேதிவரை அதை ஒளிபரப்பவில்லை. தலைநகர் வாஷிங்டனின் ஏபிசி நிலையம் சின்கிளேருக்குச் சொந்தம். சிகாகோவின் 7ஆம் எண் ஏபிசிக்கே சொந்தம். ஆகவே இங்கே நாங்கள் பார்த்தோம், அங்கே இருந்தவர்கள் மறுநாள் இணையத்தில் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளூர்ச் சேனல்களை இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ தருவதாகச் சொல்லும் புதிய செயலிகளை நம்ப வேண்டாம். உள்ளூர் ஒளிபரப்பைச் சிறு சிறு ஆன்டெனாக்களில் பிடித்து இணையத்தில் அனுப்பிய ஏரியோ நிறுவனம் பதிப்புரிமையை மீறுவதாக 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாப நோக்கமற்றது என்ற விதிவிலக்கை நம்பி நடந்த லோகாஸ்ட் சேவையும் நீதிமன்றத்தில் தோற்று 2021 செப்டம்பரில் மூடப்பட்டது. அவற்றோடு ஒப்பிட்டால், எந்த உரிமமும் பெறாமல் ஓடும் திருட்டுத் தளங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வாதம்கூட இல்லை.

பதிவு செய்து பார்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒளிபரப்பை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1984இலேயே பீட்டாமேக்ஸ் என்ற வீடியோப் பதிவுக் கருவி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆன்டெனா வயரைப் பதிவுக் கருவி ஒன்றில் செருகி, அதைத் தொலைக்காட்சியோடு இணைத்து வைத்திருக்கிறேன். காலையில் சீக்கிரம் எழ வேண்டிய நாள்களில் தொகுப்பாளரின் தொடக்க உரையை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவேன். விருந்தினர் பேட்டிகள் சனிக்கிழமைவரை காத்திருக்கும்.