இன்ஃப்ராரெட் படத்துல கேலக்ஸியை எப்படிக் கண்டுபிடிச்சுப் பட்டியல் போடறாங்க?

இன்ஃப்ராரெட்ல, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளியில, வானத்தை எடுத்த படத்துல இருக்கற கோடிக்கணக்கான புள்ளில எது கேலக்ஸி, அதாவது பெரிய நட்சத்திரத் தொகுதின்னு எப்படித் தெரியும்னு கேட்டிருக்கீங்க, நல்ல கேள்விங்க.

நம்ம ஈரோட்டு மண்டில மஞ்சளை விரலி வேற கிழங்கு வேறன்னு உருவத்தைப் பாத்தே பிரிப்பாங்கல்லங்க, அதே மாதிரிதான் இதுவும். நட்சத்திரம் எவ்ளோ பெருசா இருந்தாலும் தூரத்துனால படத்துல ஒரே அளவு புள்ளியாத்தான் விழும், கேலக்ஸி அதைவிட கொஞ்சம் பரவி மங்கலா இருக்கும், அந்தப் பரவலை கம்ப்யூட்டர் அளந்து பாக்குது. ஆனா ரெண்டு நட்சத்திரம் ஒட்டி இருந்தா அதுவும் பரவுன மாதிரியே ஏமாத்தும், அதனால நிறத்தையும் சேத்துப் பாப்பாங்க. 1997ல இருந்து 2001 வரைக்கும் டூமாஸ் (2MASS)ங்கற இன்ஃப்ராரெட் வான சர்வே அமெரிக்காவுல அரிசோனாலயும் சிலியிலயும் 1.3 மீட்டர் டெலஸ்கோப் வெச்சு வானம் பூராவும் எடுத்து, பரவுன பொருள்னு மட்டும் சுமார் 16 லட்சம் பட்டியல் போட்டுச்சு, பெரும்பாலும் கேலக்ஸிங்க. பேரு? வானத்துல அது இருக்கற இடத்தோட எண்தான் பேரே, நம்மூரு சர்வே நம்பர் கணக்கா.

இன்ஃப்ராரெட் ஏன்னா, பால்வீதித் தூசி சாதா வெளிச்சத்தை மறைச்சுரும், இது பெரும்பாலும் ஊடுருவி வந்துரும். அப்படியும் பால்வீதி நடுவாக்குல நட்சத்திரக் கூட்டம் நெரிசல், அங்க இன்னும் நெறைய கேலக்ஸி பட்டியல்ல ஏறாமலே கெடக்குது, எனக்கு அதுதாங்க பெரிய ஏக்கம்.